வெளுத்த பம்பரும் சரோஜா அக்காவும்

தர்மபுரி மாவட்டத்திலேயே பிளாஸ்டிக்குக்கு வயதாகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த ஒரே மனிதர் எங்கள் பம்பர் அண்ணன்தான். மனிதர்களுக்கு வயதானால் அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. பெண்டாட்டிக்கு மூட்டு வலி, தனக்குச் சர்க்கரை, வாசல் கேட்டில் கழன்று தொங்கும் கொண்டி, எதுவும் அவர் கண்ணில் படாது. காரின் முன்பம்பரில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுப்பு தட்டினால் மட்டும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். டவுனில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மொத்தம் நாலு வீடு; கீழே முன்பக்கத்தில் அவரும் அவர் மனைவி சரோஜா அக்காவும், மேலே நானும் என் வீட்டுக்காரரும். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர் காரை நிறுத்துவார். அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்த கூத்துகளால் அடிப்பிடித்த பாத்திரங்கள் எத்தனை என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

கார் என்றால் ஏதோ பெரிய கார் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வெள்ளை நிறச் சின்னக் கார். ஏசி வேலை செய்யாது. பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. அந்தப் பக்கம் உட்கார்ந்தவரை யாராவது வெளியே வந்து இறக்கிவிட வேண்டும். ஹார்னுக்கு மனசு வந்தால்தான் சத்தம் வரும். இதெல்லாம் அண்ணனுக்கு ஒரு பொருட்டே அல்ல. அவர் உயிர் இருந்தது அந்தக் காரின் கருப்பு பிளாஸ்டிக்கில். பம்பர் இரண்டும், கதவுகளின் குறுக்கே ஓடும் பட்டையும், பக்கக் கண்ணாடிகளின் முதுகும் வண்டி வாங்கிய நாளில் அண்டங்காக்கை நிறத்தில் இருந்தனவாம். விற்றவர், "கருப்புக்கு வயசே ஆகாது சார்" என்று சொல்லி சாவியைக் கொடுத்தாராம். அதை இவரும் வேதவாக்காக நம்பி, நிழலில்லாத இடத்தில் வருடக்கணக்கில் நிறுத்தினார். எங்கள் ஊர் வெயில் சும்மா விடுமா? கருப்பெல்லாம் சாம்பலாகி, சேற்றில் புரண்டு காய்ந்த எருமை நிறத்துக்கு வந்துவிட்டது. விற்றவர் அதற்குள் ஊரையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனுக்குப் புளி வியாபாரம். உலகத்தில் புளியால் ஆகாத காரியம் எதுவும் இல்லை என்பது அவர் கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய புளியை அன்னக்கூடையில் கரைத்துக் கூழாக்கி, பம்பர் முழுக்க மருதாணி மாதிரி அப்பிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நான் என்னவென்று கேட்டேன். என் கெட்ட நேரம்.

"குத்துவெளக்கு எப்பிடிங்க பளபளன்னு ஆவுது? புளி போட்டுத் தேச்சாதான? அதே லாஜிக்குதாம்மா."

விளக்கு பளபளப்பது அழுக்குப் போய் நிறம் வெளுப்பதால், உங்களுக்கு வேண்டியது நிறம் கருப்பது என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சமையலுக்கு மட்டும் புளியைத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அவரே ஒரு விளக்கம் கொடுத்தார். மத்தியான வெயிலில் அந்தக் கூழ் அப்பளமாகக் காய்ந்தது. காம்பவுண்டுச் சுவர் எறும்புகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. சாயங்காலம் கழுவிப் பார்த்தால், பம்பர் முன்னைவிட வெளுத்து, அவர் விரல் போன இடமெல்லாம் வரிவரியாக இருந்தது. அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்: புளி புதுசாம். பழசு என்று காலையில் சொன்னவரும் அவர்தான்.

அடுத்தது கடலை எண்ணெய். இதற்குச் சும்மா சொல்லக் கூடாது, துணியில் தொட்டுத் தேய்த்ததும் பம்பர் நிஜமாகவே கருப்பாகிவிட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெருமையோடு பாலக்கோடு சந்தைக்குப் போனார். தக்காளி ஏற்றி வரும் டிராக்டர்களின் பின்னால் போய் வந்தால் என்ன ஆகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். போகும்போது கருப்பாகப் போன கார், வரும்போது செம்மண் பூசிய அடுப்பாக வந்தது. எண்ணெய்க்குத்தான் தூசி என்றால் கொள்ளை ஆசை. அதோடு விட்டதா? தெருநாய் ஒன்று எண்ணெய் வாசனை பிடித்து பம்பரை நக்க வந்தது. ஒரு வாரத்துக்கு அந்த நாய் காரை விட்டு நகரவில்லை. அண்ணன் எங்கே போனாலும் தெருமுனை வரை வழியனுப்பி வைத்தது.

இத்தோடு நின்றிருந்தால் இந்த மனிதரைப் பைத்தியம் என்று சொல்லி நான் மறந்திருப்பேன். ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் அண்ணன் ஷூ பாலிஷ் டப்பாக்களைத் தீர்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பம்பரை ஒரு மாதிரி கருப்பாக்கி வைத்திருந்தார். மறுநாள் காலை சரோஜா அக்கா குளித்து, வாசல் தெளித்து, காருக்குக் கதம்பம் போட்டு, சந்தனத்தைக் குழைத்து பம்பரின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தார். எல்லா வீட்டிலும் வண்டிக்கு வைப்பதுதான். அந்தப் பிளாஸ்டிக்கோ உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சந்தனம் அந்தக் குழிகளில் இறங்கினால் லேசில் வராது. அண்ணன் மாலையோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அலறினார்.

"என்னடி இது, கறை பண்ணி வச்சிருக்க?"

சொன்னதோடு நிற்கவில்லை. ஈரத்துணியை எடுத்து அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து பொட்டைத் தேய்த்து அழித்தார். கையில் எரியும் சூடத் தட்டோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வந்து நின்றிருந்தோம். அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை.

சாமிக்கு வைத்த பொட்டை அழித்த கோபம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஒரு நாள் துணி காயப் போடும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"சாமி கோவிச்சிக்காது கண்ணு, அதுக்கு வேற வேல இருக்குது. நான் ஆசையா வச்சத கறைன்னு சொன்னாரு பாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்த மனுசங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டு, உதறிய சேலையையே மறுபடியும் உதறினார். எனக்குக் கீழே போய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்கலாமா என்று வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா ஏறாத குறை அண்ணனுக்குப் பெரிய குறையாக இருந்தது. முன்சீட்டில் அவர் உட்கார்ந்து வந்தால்தான் அண்ணனுக்கு வண்டி ஓட்டிய மாதிரியே இருக்குமாம். என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அந்த சீட்டில் வேறு யாரையும் உட்காரவும் விடமாட்டார். அதில் ஒரு துண்டை மடித்துப் போட்டு வைத்திருந்தார். சரி, போய் ஒரு வார்த்தை, தப்புதான் என்று சொன்னால் முடிந்தது. அதற்கு எண்ணெயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். ஆனால் அந்த மண்டைக்கு எட்டியது வேறு. பம்பர் வெளுத்திருப்பதால்தான் இவ்வளவு சண்டை, அது புதுசு மாதிரி கருத்துவிட்டால் அவளும் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று முடிவு கட்டிவிட்டார். இப்படி யோசிக்க ஒரு தனி மூளை வேண்டும்.

அக்காவின் அண்ணன் அரூரில் இருந்தார். மனைவி இல்லாத மனிதர். மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்து, குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருவது அக்காவின் வழக்கம். பூஜைக்குப் பிறகு பஸ்ஸில்தான் போனார். மூட்டு வலிக்காரர், பஸ் படியில் ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விடும். கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். ஊரைத் தாண்டிய பிறகு பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னாலேயே வெள்ளைக் கார் வருகிறது. பஸ் நின்றால் நிற்கிறது, கிளம்பினால் கிளம்புகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அண்ணன் எட்டி முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்டக்டர் வந்து, "ஏங்க, அந்தக் காரு ஒங்களுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. யாரோ புளி யாவாரி மாதிரி இருக்குது" என்றார் அக்கா, தலையைக்கூடத் திருப்பாமல்.

அரூர் வரை அந்தக் காலிக் கார் எங்கள் பின்னால் வந்தது. திரும்பும்போதும் வந்தது. டீசல் என்ன தண்ணீரா என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் அண்ணன் முழு மூச்சாக இறங்கினார். முதலில் மீசைக்குப் போடும் டை. ஒரு கிண்ணத்தில் கரைத்து, வலது கையால் பம்பருக்கு ஒரு இழுப்பு, மிச்சத்தை இடது கையால் மீசைக்கு ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் பிடித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் மழை வந்தது. கதவுப் பட்டையில் பூசியிருந்த டை எல்லாம் கரைந்து வெள்ளைக் கதவின்மேல் கோடுகோடாக வழிந்தது. வண்டி ஒப்பாரி வைத்து அழுத மாதிரி நின்றது. புளி மண்டியிலிருந்து நனைந்துகொண்டே வந்த அண்ணனுக்கும் மீசையிலிருந்து அதே கதி. துடைக்கத் துண்டு கொடுத்த அக்கா, அந்தப் பக்கமாகத் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். ஆனால் காரில் ஏறவில்லை.

அப்புறம் யாரோ செல்போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள்: பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணினால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை மேலே வந்து கருப்பு திரும்புமாம். உடனே என் வீட்டுக் கதவைத் தட்டினார். தலை காயவைக்கும் மிஷின் கொஞ்சம் வேண்டும் என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தம்பி பெங்களூரிலிருந்து வாங்கி வந்த ஹேர் டிரையரை அந்த மனிதர் பம்பர் முன்னால் உட்கார்ந்து அரை நாள் ஓட்டினார். பம்பர் கருக்கவில்லை, என் டிரையர்தான் உள்ளே கருகி வாசனை வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது: இந்த மிஷினில் தம் இல்லை, உங்கள் தம்பி ஏமாந்துவிட்டார், அடுத்த முறை பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

கடைசியில்தான் புத்தி வந்து, இந்த வேலைக்கென்றே விற்கிற மருந்து பாட்டில் ஒன்றை வரவழைத்தார். அதற்கு முறை இருக்கிறது. சோப்புப் போட்டுப் பழைய பாலிஷ், எண்ணெய் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், ஈரம் சுத்தமாகக் காய வேண்டும், மெல்லிசாக ஒரு கோட் அடித்து, அது காய்ந்ததும் இரண்டாவது கோட் அடிக்க வேண்டும். இடுக்குகளில் மருந்து போகாது என்பதற்காக முன்பம்பரையே கழற்றிவிட்டார். மெக்கானிக்கைக் கூட விடவில்லை. ஸ்குரூவையெல்லாம் டம்ளரில் போட்டு வைத்துக்கொண்டு தானே கழற்றினார். பம்பர் போன பிறகு அந்தக் காரைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே இருந்த துருப்பிடித்த இரும்பும் வயர்களும் பல்லிளித்துக்கொண்டு நின்றன. பம்பரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின்மேல் குறுக்கே படுக்க வைத்து, முதல் கோட் அடித்தார்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கருப்பு அப்படி ஒரு கருப்பு. நானே ஜன்னலை விட்டுக் கீழே இறங்கி வந்து பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். அடுத்த வாரம் இதைப் பார்த்துவிட்டு சரோஜா என்ன சொல்கிறாள் பாருங்கள் என்றார். வீட்டுக்குள்ளேயே இருக்கிற சரோஜாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறதே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

அரூரில் இருந்த அக்காவின் அண்ணனுக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சரோஜாவைக் கூப்பிடு, சரோஜாவைக் கூப்பிடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அக்கா செருப்பை ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிடு கண்ணு என்று என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போதும் காரைப் பார்க்கவில்லை. பஸ் பிடித்து அரூர் போவதற்குள் என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே நான் ஆட்டோ பார்க்கத் தெருப்பக்கம் திரும்பினேன்.

பம்பர் அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். கருப்புக் கையோடு பனியனும் லுங்கியுமாகவே போய்க் காரைக் கிளப்பினார். கேட் வரை ஓட்டி வந்து முன்கதவைத் திறந்தார். சட்டை போடவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. நேற்று வரை, பம்பரில் ஒரு பொட்டு வெளுப்பைக் கண்டாலே சோறு இறங்காமல் கிடந்த மனிதர்.

"ஏறு சரோஜா."

அக்கா அந்த வண்டியின் முகத்தைப் பார்த்தார். "பம்பரு இல்லாமயா?"

"பம்பரு கெடக்குது வுடு. நீ ஏறு."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருமென்று காம்பவுண்டில் யார் நினைத்திருப்பார்கள்? அக்கா ஒரு நொடிகூட நிற்கவில்லை. சீட்டில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பம்பரிலிருந்த நம்பர் பிளேட்டையும் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார். அதை நான்தான் ஓடிப்போய் எடுத்து ஜன்னல் வழியாக அக்கா கையில் கொடுத்தேன். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாராம் அரூர் வரைக்கும். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, பனியனோடு இருந்தவரையும் பலகையோடு இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும், மெதுவாகப் போங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவர்கள் போன பிறகு காம்பவுண்டில் நானும் அந்த பம்பரும் மட்டும் நின்றோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதல் கோட் காய்ந்திருந்தது, இரண்டாவது கோட் பாக்கி. எனக்கென்ன வந்தது என்று மேலே போயிருக்க வேண்டியவள்தான். அதைத் தூக்கிக்கொண்டு போய், சோபாவை உள்ளறைக்குத் தள்ளிவிட்டு என் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்து, பாட்டிலில் போட்டிருந்ததைப் படித்துப் பார்த்து, மிச்சமிருந்த மருந்தை நானே அடித்தேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், சோபா எங்கே என்று கேட்டுவிட்டு, பம்பரைத் தாண்டி உள்ளே போனார்.

அக்காவின் அண்ணன் பிழைத்துக்கொண்டார். இரண்டு பேரும் திரும்பி வந்த அன்று, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதுமே அவர் வாயைத் திறந்தார் என்றார்.

"'அன்னிக்கு கறைன்னு சொன்னது தப்புதான் சரோஜா'ன்னாரு கண்ணு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கன்னேன்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதே நேரத்தில் அண்ணன் மேலே என் கூடத்தில் குந்தி உட்கார்ந்து, பம்பரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டீர்கள், பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றார். அவரைத் திருத்த முடியாது.

நாங்கள் இப்போது அதியமான்கோட்டைப் பக்கம் வீடு மாறி வந்துவிட்டோம். போன வருஷம் ஒரு பழைய காரும் வாங்கிவிட்டோம். ரோட்டோரத் தூசியிலும் வெயிலிலும் அதன் கருப்பெல்லாம் சாம்பலாகிக்கொண்டு வருகிறது. அந்த மருந்தை வரவழைக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பர் அண்ணன் அக்காவோடு வருவார், பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டுவார், அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை இங்கேயே உட்கார்ந்துவிடுவார்.